உகாயின் கடைசிப் பந்து

நாமிசே பேஸ்பால் மைதானத்தில் உகாய் எறிந்த பந்துகளில் ஒன்று செவ்வாய்க்கிழமை மாலை அவர் கையை விட்டுக் கிளம்பி, வியாழக்கிழமை காலை பிடிப்பாளர் நிஷிமேயின் கையுறைக்கு வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பத்திரிகை அதைக் கணவாய் மீன் விலைக்குக் கீழே சின்னதாகப் போட்டிருந்தது. எதிரணியான ஹொசோதானியின் மட்டையாளர் இசாகா புதன்கிழமை நண்பகல் வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு, பந்து பாதி வழியில் இருக்கும்போதே மட்டையை வீசிவிட்டார். காற்றில் வீசினாலும் ஸ்ட்ரைக்தான், மட்டையாளர் கணக்கில் ஒரு தப்பு. ஆனால் பந்து வந்து சேராமல் ஆட்டம் நகராது என்பதால் நிஷிமே மறுநாள் வரை குந்தியபடி இருக்க வேண்டியதாயிற்று. ஹொசோதானிக்காரர்கள் முறையிட்டபோது நடுவர் விதிகளைப் புரட்டிப் பார்த்தார். பந்தை எத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்று இருந்தது. எத்தனை விநாடிக்குள் அது போய்ச் சேர வேண்டும் என்று எங்கும் இல்லை.

உகாய் ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிபவர் அல்ல. தொடங்கியவர் தளர்ந்து, எதிரணி ஓட்டக்காரர்கள் களத்தின் மூலைக்கு மூலை நிற்கும்போது கடைசி இன்னிங்ஸில் இறக்கிவிடப்படுகிறவர். இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் வரும்போது அங்கே நிற்கும் ஓட்டக்காரர்கள் முன்னவர் விட்டுவைத்த தொல்லை. அவர்கள் மூலைகளைச் சுற்றி மட்டையாளரின் தட்டுக்கு வந்து சேர்ந்தால் பழி முன்னவர் பேரில்தான் எழுதப்படும். இவர் தடுத்துவிட்டாலோ இவர் பேரில் ஒன்றும் ஏறாது. பிறர் தொல்லையை வாங்கி, கூடாமல் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் திருப்பிக் கொடுப்பதுதான் மொத்த வேலையும். பதினாறு பருவங்கள் உகாய் இதைச் செய்தார்.

அந்தப் பந்தை அவர் எப்படிப் பிடித்தார் என்பது ஊருக்கே தெரியும். உள்ளங்கையின் ஆழத்தில் பந்தை உட்காரவைத்து, தையல் மேடு எந்த விரலிலும் படாமல் திருப்பிக்கொள்வார். மற்றவர்கள் பந்தைத் தள்ளுகிறார்கள். உகாய் தள்ளுவதில்லை. பந்து புறப்படும் நேரத்தில் விரல்களை ஒதுக்கிக்கொள்வார், அவ்வளவுதான். மெதுவாகப் போகிற பந்து தரையில் விழ வேண்டாமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முன்னே போவதில் காட்டாத அவசரத்தை அந்தப் பந்து கீழே போவதிலும் காட்டவில்லை. அதற்குள் ஓட்டக்காரர்கள் ஓடிவிட மாட்டார்களா என்றும் கேட்பார்கள். ஓடினார்கள். உகாயின் பந்து காற்றில் இருக்கும்வரை அவர்கள் ஓட்டமும் அதன் வேகத்திலேயே இருந்தது. ஒருவர் தூக்கிய காலோடு ஒரு முழு இரவு நின்றார். மைதானப் பணியாளர் அவருக்குப் போர்வை போர்த்திவிட்டு வந்தார்.

தட்டிலிருந்து தொலைவான வலது வெளிப்பக்கத்து மலிவு இருக்கைகளில் உட்காரும் ரசிகர்களுக்கு இந்தப் பந்துகள் பெரிய வசதி. மீன்வடை கடை வைத்திருக்கும் செகாவாதான் அவர்கள் கூட்டத்தின் ஊதுகொம்புக்காரர். உகாய்க்கான பாட்டை ஊதி முடித்துவிட்டு, ஒரே பந்தின் நேரத்தில் மருத்துவமனைக்குப் போய் மகள் பிறந்ததைப் பார்த்து, வந்து மறுபடி ஊதினார். பல் வைத்தியர் ஒரிஹாரா அம்மாள் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டுத் திரும்பியபோது பந்து இன்னும் உகாய் நின்று எறியும் மேட்டின் ஓரத்தைக்கூடத் தாண்டவில்லை. பதினோரு வருடமாகப் பேசாமலிருந்த தன் அண்ணனுடன் பியர் விற்கும் சிசுரு பேசத் தொடங்கியதும் ஒரு பந்தின் நடுவில்தான். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் பேசினேன் என்றாள்.

பதினாறாவது பருவத்தில் உகாயின் பந்துகள் எல்லோருடைய பந்தையும் போல வந்து சேர ஆரம்பித்தன. மட்டையாளர்கள் அடித்தார்கள். தோளில் வலியா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். "தோள் நல்லாத்தான் இருக்கு. விரலுக்குத்தான் அவசரம் வந்துடுச்சு" என்றார் உகாய். இலையுதிர் காலத்தின் கடைசி ஞாயிறு, பகல் ஆட்டத்தோடு அவர் விடைபெறுவார் என்று அணி அறிவித்தது.

விடைபெறும் பந்தெறிபவருக்கு நாங்கள் செய்யும் மரியாதை ஒன்று உண்டு. கடைசியாக எதிர்கொள்ளும் மட்டையாளர் முழு வீச்சில் மட்டையை வீசி, வேண்டுமென்றே பந்தை விட்டுவிடுவார். பந்து எங்கே இருந்தாலும் அந்த ஒரு வீச்சோடு அவர் வெளியேறியதாக நடுவர் எழுதிக்கொள்வார். பிறகு பூங்கொத்து, கண்ணீர், சக வீரர்கள் ஆளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. அந்த ஞாயிறு ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் வெளியேறி, இன்னும் ஒருவர் வெளியேறினால் ஆட்டம் முடியும் என்ற நிலையில், மூலைகள் காலியாக இருந்தபோது உகாய் மேடேறினார். ஹொசோதானி மேலாளர் அனுப்பியது இசாகாவை. எப்படியும் முந்தி வீசிவிடுகிறவர் என்பதால் அவருக்கு அது சிரமமான காரியம் இல்லை என்று நினைத்திருக்கலாம். ஆனால் இன்று ஓர் அடியாவது அடிக்காவிட்டால் அடுத்த வருடம் சீருடை இல்லை என்று காலையில்தான் அதே மேலாளர் இசாகாவிடம் சொல்லியிருந்தார். இசாகாவுக்கு முப்பத்தாறு வயது. வேறு எந்த அணியும் அவரை விசாரிக்கவில்லை. ஹொசோதானி ரசிகர்கள் வழியாகச் செய்தி பியர் வாளிகளோடு அரங்கம் முழுக்கப் பரவி, உகாயின் காதுக்கும் போயிருந்தது.

நிஷிமே மேட்டுக்கு நடந்து போய், "என்ன போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"விரலைத்தான் கேக்கணும்."

"கடைசி நாள்ல அதுககிட்ட சண்டை வேண்டாம், உகாய்-சான். என் முழங்காலும் பாவம்."

இசாகா தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். உகாய் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அவரைப் பார்த்துவிட்டுப் பந்தை எறிந்தார். பந்து கையை விட்டு ஒரு சாண் தூரம் வந்து, அங்கேயே இருந்தது. இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். உற்றுப் பார்த்தால் தையல் சுழல்வது தெரிந்தது.

இசாகா செய்ய வேண்டியது எளிது. அப்போதே வீசியிருந்தால் மரியாதையும் முடிந்திருக்கும், ஆட்டமும் முடிந்திருக்கும். "யோவ் இசாகா, வீசிட்டுக் கிளம்புய்யா, அஞ்சு மணிக்கு ரயில்" என்று அவருடைய மேலாளரே கத்தினார். "வாழ்க்கை பூரா முந்திக்கிட்டே இருந்தே, இன்னைக்கு மட்டும் என்னய்யா?" என்றார் செகாவா. மட்டை ஒருமுறை துடித்தது. இசாகா அதைத் தோளுக்கு மேலே திரும்பக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். பிறகு அசையவில்லை.

அந்தி சாயும் நேரத்தில் உகாய் நடுவரிடம் போய், தான் கிளம்பலாமா என்று கேட்டார். பந்து கையை விட்டபின் எறிந்தவருக்கு அதில் வேலை இல்லை என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். உகாய் நான்கு திசைக்கும் குனிந்து வணங்கி, வாடத் தொடங்கிய பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, மனைவியின் ஊர்த் தீவுக்குப் போகும் படகைப் பிடித்தார். செகாவா அவர் பாட்டை ஊதினார், ஆனால் முடிக்கிற வரியை ஊதவில்லை. முடிந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

விதியின் இன்னொரு பக்கம் பிற்பாடுதான் புரிந்தது. மட்டை பிடிக்கும் முறை முடியாத வீரரை அணியிலிருந்து நீக்க முடியாது. ஹொசோதானி ஒரு வழக்கறிஞரை அனுப்பியது. அவர் பந்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, கீழே குனிந்து பார்த்து, ஆமாம், வந்துகொண்டுதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடிப்பதற்கான வாய்ப்பும் சீருடையும் இசாகாவிடமே இருந்தன. கடைசி நாளிலும் உகாய் அடுத்தவர் தொல்லையைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று ஒரிஹாரா அம்மாள் சொன்னார்.

நடுவர் தட்டுக்கு முன்னால் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார். பந்து கோட்டைத் தொடும்வரை நிஷிமேயும் இசாகாவும் இரவில் வீட்டுக்குப் போகலாம். இசாகாவின் மனைவி ஃபுமியே மைதானத்துக்குப் பின்னால் ஒரு வீடு பிடித்தாள். மதியச் சோற்று உருண்டைகளோடு வரும்போதெல்லாம் சுற்றியிருப்பவர்களிடம் சொல்வாள்: "வீட்ல குளிக்கத் தண்ணி சுடுற வரைக்கும் பொறுக்க மாட்டாரு இந்த மனுஷன். இங்க பாருங்க, கொக்கு தோத்துது."

பனிக்காலத்தில் பந்தின் மேல் ஒரு வெள்ளைத் தொப்பி நின்றது. வசந்தத்தில் புதிய பருவம் தொடங்கியாக வேண்டுமே என்று அணி மைதானத்தைத் திருப்பிப் போட்டது. எதிர்மூலையில் புதிய தட்டு, புதிய மேடு. உகாயின் பந்தும் இசாகா நிற்கும் கட்டமும் இப்போது வெளிப்பக்கத்தில் வருகின்றன. பின்னால் ஓடிப் பிடிக்கும் வீரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். மலிவு இருக்கைகள் தட்டுக்கு அருகில் வந்துவிட்டதால் செகாவாவின் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். நிஷிமேயும் ஓய்வு பெற்றார். அவரிடத்தில் வந்தவர் ஒரு மடக்கு நாற்காலி வைத்திருக்கிறார்.

ஆறாவது வருடம் உகாய் ஒருமுறை வந்தார். மீன்வடையும் பியரும் வாங்கிக்கொண்டு வேலி ஓரமாக வந்து நின்று தன் பந்தைப் பார்த்தார். அது பாதி வழியைத் தாண்டியிருந்தது. இசாகாவின் தலைமுடி காதோரம் நரைத்திருந்தது.

"உகாய்-சான், இது நேரா வருதா, வெளியே போகுதா?"

"தெரியலப்பா. கைய விட்டப்புறம் அது என்னுது இல்ல."

"நான் மரியாதைக்கு விட்டுர மாட்டேன். சொல்லிட்டேன்."

"நீ விட்டேன்னா நான் மறுபடி படகேறி வருவேன், உதைக்க." உகாய் வடையைக் கடித்தார். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "இருபத்திரண்டு வயசுல இருந்து பந்து போடறேன். ஒருத்தனும் அது வர்ற வரைக்கும் நின்னதில்ல."

இசாகா கால்களைக் கொஞ்சம் அகட்டி, மட்டையின் பிடியைச் சரிசெய்துகொண்டார்.

உகாய் எந்த வருடம் ஓய்வு பெற்றார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், இன்னும் இல்லை, பந்து வரவில்லையே என்று நாங்கள் சொல்வோம். நனைந்தால் பந்து கனத்துவிடும் என்பதால் மழை நாட்களில் முறை வைத்து அதற்குக் குடை பிடிக்கிறோம். இந்த வாரம் ஒரிஹாரா அம்மாளின் முறை. பல் பிடுங்க வேண்டியவர்கள் மைதானத்துக்குத்தான் வர வேண்டும்.