காசா, கணக்கா?

டாக்ஸி ஆபீஸில் அவளுக்குப் பெயர் கன்ட்ரோல். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கேயோ இருந்தது, அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. ஓட்டுநர்களுக்கும் அதே கதிதான். நாலு, ஒன்பது, பன்னிரண்டு என்று வண்டி நம்பரே ஆளாகிவிட்டது. ஒன்பதுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகையைப் பார்த்துவிட்டு, இது யார் வீட்டுக் கல்யாணம் என்று பாதிப் பேர் விழித்தார்கள்.

முன்னறையில் அவளுடைய மேஜை, தொலைபேசி, வயர்லெஸ் மைக், சுவர் முழுக்க ஊரின் வரைபடம். பின்னறை முதலாளியுடையது. அங்கேயும் ஒரு மைக் உண்டு. ஒருமுறை அவள் லீவில் இருந்தபோது அவர் அதை எடுத்துப் பேசி, மூன்று வண்டிகளை ஒரே வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றோடு அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

வண்டி கேட்டு யார் கூப்பிட்டாலும் அவள் கேள்விகள் வரிசை மாறாது. எங்கே ஏறணும், எங்கே இறங்கணும், எத்தனை பேர். கடைசியாக, "காசா, கணக்கா?" இறங்கும்போது கையில் கொடுத்தால் காசு. மாசக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற கம்பெனிக்காரர்களும் மருத்துவமனைக்காரர்களும் கணக்கு. அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வண்டியும் கிளம்பாது. அவள் சொல்ல மறந்தால் ஓட்டுநர்களே திருப்பிக் கேட்பார்கள். அவள் கேட்கிற விதத்தில் ஒரு மரியாதை இருக்கும், காசில்லாதவனுக்குக்கூடக் கூச்சம் வராது. அந்தக் குரலுக்காகவே இந்த ஆபீஸை விடாதவர்கள் இருந்தார்கள்.

அந்தக் குரல்தான் கெட்டுப்போனது. முதலில் லேசாகக் கரகரத்தது. அப்புறம் கனத்து, இழுத்து, ஒவ்வொரு வார்த்தையும் படியேறி வருகிற மாதிரி மெதுவாக வந்தது. காலையில் முகம் உப்பியிருந்தது. தெருப் பெயரைச் சொல்லத் தொடங்கி நடுவில் நின்றுவிடுவாள். எல்லோரும் மின்விசிறிக்குச் சண்டை போடுகிற வெயிலில் அவள் மட்டும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

ஓட்டுநர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்கு அனுபவம் ஜாஸ்தி. உப்பிய முகம், குழறுகிற பேச்சு, காலையில் மந்தம். வேறென்ன வேண்டும்? அக்கா குடிக்கிறாள்.

அவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஏளனமாக ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் யாராவது ஒருவர் சர்க்கரை போடாத கறுப்புக் காபி ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். இழுப்பறையில் புதினா மிட்டாய் தானாக நிரம்பியது. என்ன இது திடீர்ப் பாசம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உண்மை இதுதான். சில வருஷங்களுக்கு முன்பு அவள் கழுத்திலிருந்து தைராய்டு சுரப்பியை அறுத்து எடுத்திருந்தார்கள். கழுத்தில் மெல்லிசாக ஒரு கோடு இருக்கும், காலர் வைத்த சட்டை போட்டு அதை மூடிக்கொள்வாள். சுரப்பி செய்யவேண்டிய வேலையைத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை செய்தது. குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆயுசு முழுக்க, ஒரு நாள் தவறாமல் போடணும்.

மாத்திரைக்கு விலை அதிகமில்லை. மாத்திரை வரை போய்ச் சேருவதற்குத்தான் விலை. சீட்டு இல்லாமல் மருந்துக் கடைக்காரர் தரமாட்டார். புதுசாக ரத்தம் பரிசோதிக்காமல் டாக்டர் சீட்டு எழுதமாட்டார். பரிசோதனைக்கு ஒரு பணம், டாக்டருக்கு ஒரு பணம், அதற்கப்புறம்தான் அந்தக் குண்டூசித் தலை. அவள் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்த பிறகு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது அவள் சம்பளம் மட்டும்தான். அதுவும் அவர் காலுக்குப் போனது. "உன் மாத்திரை?" என்று அவர் ஒருமுறை கேட்டார். "டாக்டர் குறைச்சுட்டாரு" என்று சொல்லி வைத்தாள். அட்டையில் இருந்த மாத்திரையை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாள். பிறகு சவரக்கத்தியால் மாத்திரையைப் பாதியாக நறுக்கினாள். அந்தப் பாதியையும் ஆபீஸில் போட்டுக்கொண்ட கையோடு, அன்பாக வைத்த காபியாயிற்றே என்று அதையும் குடித்தாள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குக் காபி ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது ஞாபகத்தில் இல்லை. இப்போதெல்லாம் எதுவுமே ஞாபகத்தில் நிற்பதில்லை.

ஓட்டுநர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது ஒன்பதின் புண்ணியத்தில் அவளுக்குத் தெரிந்தது. ஒன்பதுக்கு மைக்கைத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு உட்காருகிற வழக்கம் உண்டு. பட்டன் அழுந்திவிட்டால் வண்டிக்குள் பேசுவது ஊரிலிருக்கிற எல்லா வண்டிக்கும் கேட்கும். அன்று நாலைப் பட்டறையில் இறக்கிவிடப் போய்க்கொண்டிருந்தான்.

"ராத்திரியில ஊத்திக்கறாங்க போல. வீட்டுக்காரர் விழுந்ததுல இருந்துதான்" என்றான் ஒன்பது.

"தனியா எவ்வளவுதான் தாங்குவா, பாவம்" என்றது நாலின் குரல்.

அவளுக்குக் காது சுட்டது. உடனே மைக்கை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே வைத்தாள். குடிக்கவில்லை என்று சொன்னால், வேறு என்ன என்று கேட்பார்கள். மருந்துக்கு வழியில்லை என்று சொல்லவேண்டும். ஆபீஸைப் பெருக்குகிற அம்மாவின் மகளுக்கு உடம்புக்கு முடியாதபோது இதே ஆட்கள்தான் துண்டை ஏந்தி வசூல் செய்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த அம்மா எந்த ஓட்டுநரைப் பார்த்தாலும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பைத் தினமும் பார்த்தவள் இவள். குடிகாரி என்றால் பாவப்படுவார்கள், அத்தோடு போயிற்று. அதுவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று நமக்குத் தெரிகிறது. பட்டினியைக் கூட ஒத்துக்கொள்வாள், கை நீட்டமாட்டாள், அப்படியொரு பிறவி.

மாசக் கடைசியை எட்டிப் பிடித்துவிட்டால் போதும் என்று இருந்தாள். இந்தச் சம்பளத்தில் வேறெதுவும் கை வைக்கும் முன் முதல் செலவு ரத்தப் பரிசோதனை. சம்பளத்துக்கு மறுநாள் காலைக்கு லேபில் சொல்லியும் வைத்துவிட்டாள்.

அதற்குள் ஒரு தப்பு நடந்தது. ஊரில் பழைய ரயில் நிலையம் ஒன்று, புது நிலையம் ஒன்று. பழைய நிலையத்துக்குப் போகவேண்டிய ஒரு பெண்ணைப் புது நிலையத்தில் இறக்கும்படி பன்னிரண்டுக்குச் சொல்லிவிட்டாள். ரயில் போய்விட்டது. அந்தப் பெண் பெட்டி படுக்கையோடு ஆபீஸுக்கே வந்து சத்தம் போட்டாள். முதலாளி கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே வேலை போய்விட்டது என்று தெரிந்தது.

நாலு உள்ளே போனார். ஓட்டுநர்களில் மூத்தவர், முதலாளியிடம் எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள். வெகுநேரம் கழித்து வெளியே வந்து அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேசிட்டேன்மா. வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"ரொம்ப நன்றி அண்ணே."

"நானும் ஒரு காலத்துல மோசமா இருந்தவன்தான். என் சம்பளம் என் கைக்கு வராம வீட்டுக்காரி கைக்குப் போன அன்னைக்குத்தான் மனுஷன் ஆனேன். அதனால வெக்கப்படாத."

இதை ஏன் தன்னிடம் சொல்கிறார் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். யோசனை பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

சம்பள நாளன்று கடைசிப் பாதி மாத்திரையும் தீர்ந்தது. மாலையில் ஷிப்ட் முடிந்து பின்னறையில் போய் நின்றாள். முதலாளி மேஜையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"உன் வீட்டுக்காரரை வரச்சொல்லி அவர்கிட்டயே கொடுத்துட்டேன்மா. இனிமே அப்படித்தான். உன் நல்லதுக்குத்தான். நாலுகூட அதான் சொன்னாரு."

அவள் பஸ் ஏறினாள்.

வீட்டில் கணவர் காலை ஒரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு ரெண்டு பஸ் மாறிப் போய்வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அதற்கும் மேலே ஒரு கண்டிப்பும் இருந்தது.

"பணம் எங்கேங்க?" என்றாள்.

"வர்ற வழியிலேயே வீட்டு வாடகை பாக்கியைக் கட்டிட்டேன். மிச்சத்துக்கு மளிகை வாங்கிட்டேன். உன் கையில இருந்தா எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?"

"எங்க போகும்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எத்தனை நாளா தெரியும்னு நினைக்கற? தினமும் நீ தூங்கினதும் உன் வாயை மோந்து பார்ப்பேன்."

ஊரே நினைத்தது வலிக்கவில்லை. இந்த மனுஷர் நினைத்தது வலித்தது.

"வாசனை வந்துச்சா?"

"வரல. அதான் இன்னும் பயந்துட்டேன். மறைக்கறதுல இவ தேறிட்டான்னு நினைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் போய் முடிந்தது. கைப்பையைத் திறந்து காலி மாத்திரை அட்டையையும் சவரக்கத்தியையும் எடுத்து அவர் மடியில் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், மெதுவாக, வார்த்தை வார்த்தையாக. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்க கால் மருந்தை நிறுத்தியிருப்பீங்க."

நிறுத்தித்தான் இருப்பார். கடைசியில், "இனிமே டாக்டர்கிட்ட போறதா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போ. அவர் வாயால நான் கேக்கணும்" என்றார். வாடகைப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் தைரியம் இருவருக்கும் இல்லை.

மறுநாள் காலை மேஜையில் காபி ஆவி பறந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போடுவதற்கு மாத்திரை இல்லை. லேபில் சொல்லிவைத்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை நாள் இந்த உடம்பு ஓடும், அடுத்து யாரை எந்த நிலையத்தில் கொண்டுபோய் இறக்குவேன் என்று நினைத்துப் பார்த்தாள். காபியைத் தள்ளி வைத்தாள். பட்டனை அழுத்தினாள்.

"எல்லா வண்டிக்கும், கன்ட்ரோல் பேசறேன். நான் குடிக்கறது இல்ல. ஒரு நாளும் குடிச்சதில்ல. எனக்குக் கழுத்துல தைராய்டை எடுத்துட்டாங்க. தினமும் மாத்திரை போட்டாத்தான் குரல் வரும், புத்தி வேலை செய்யும். டெஸ்ட்டுக்கும் டாக்டருக்கும் காசில்லாம பாதி பாதியாப் போட்டேன். இப்ப அந்தப் பாதியும் தீந்துபோச்சு. நேத்துச் சம்பளத்துல வாங்கலாம்னு இருந்தேன். அது உங்க நல்ல மனசால என் கைக்கு வரல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்புறம், காபி வேண்டாம். அது மருந்தைக் கெடுத்துடும்."

வயர்லெஸ்ஸில் சத்தமே இல்லை. வழக்கமாக ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருக்கும் அத்தனை வண்டிகளும் வாயடைத்துப் போயின. அவளுக்கு உடம்பு முழுக்க வெட்கம் பரவியது. சொல்லியிருக்கவே கூடாதோ என்று பட்டது.

"கன்ட்ரோல், நாலு." அவர் குரலும் கரகரத்தது. "ஆபீஸ் வாசல்லதான் நிக்கறேன், காலி வண்டி. எங்க இறங்கணும்?"

"ரத்தம் எடுக்கற லேப்ல."

"எத்தனை பேர்?"

"ஒருத்தி."

"காசா, கணக்கா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. பழக்கதோஷம், நாக்கு முந்திக்கொண்டது. "ஐயோ" என்று அவர் முனகியது எல்லோருக்கும் கேட்டது. ஆயிரம் பேரிடம் கூச்சமில்லாமல் கேட்டவளுக்கு, தனக்கென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

கரகரவென்று ஒரு சத்தம். "இதுல எதை அமுக்கணும்... ஆங். கணக்கு." பின்னறையிலிருந்து முதலாளி. "ஆபீஸ் கணக்குல எழுதிக்கோ. வண்டி, டெஸ்ட், டாக்டர், மாத்திரை, எல்லாம். சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுக்குவேன்."

முதலாளி கடைசிவரை முதலாளிதான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை எழுந்திருக்க வைத்தது. சும்மா தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நாற்காலியை விட்டு அசைந்திருக்க மாட்டாள். பிடித்துக்கொள்வார் என்றால் யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியதில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

நாலு கதவைத் திறந்துவிட்டார். அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை, அவராலும் அவளைப் பார்க்க முடியவில்லை. வண்டி நகர்ந்ததும் வயர்லெஸ்ஸில் முதலாளியின் ஆட்சி தொடங்கியது. ஒன்பதும் பன்னிரண்டும் ஒரே வாசலுக்குப் போகிறோமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் திருப்பத்தில் அவளுக்குத் திடீரென்று நேற்று கணவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததே பெரிய விஷயம்.

"அண்ணே, அந்த மைக்கைக் கொடுங்க."

பட்டனை அழுத்தினாள். "நாலாம் வண்டியில ஒரு திருத்தம். ஆள் ஒருத்தி இல்ல, ரெண்டு பேர். வழியில என் வீட்டுக்காரரையும் ஏத்திக்கணும்."

"யாருப்பா அது, குரலே புரியல" என்றார் முதலாளி எரிச்சலோடு. "சரி, காசா, கணக்கா?"

"கணக்கு" என்றாள் அவள்.