கூரைக்குக் குடிவந்தவர்கள்

அந்தச் சரணாலயத்தில் அவளுக்கு வேலை வௌவால் எண்ணுவது. பொழுது சாயும்போது குகை வாசலுக்கு எதிரே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெளியே பறக்கும் ஒவ்வொன்றுக்கும் கையிலிருக்கும் எண்ணும் கருவியை ஒரு தட்டுத் தட்டுவாள். சரணாலய அதிகாரி அவளுடைய சொந்த அண்ணன். மற்றவர்களுக்கு அவன் ஒரு மேலதிகாரி என்றால் அவளுக்கு ஒன்றரை.

"என்னடி வௌவாலு, போன வருஷத்துல பாதிகூட தேறலையே! நடுவுல கண்ணசந்துட்டியா?"

"கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். நீ போட்ட லைட்டுல எனக்கே கண்ணு கூசுது. அதுங்களுக்குக் கூசாதா?"

சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கட்டும் என்று குகை வாசலில் பெரிய பெரிய விளக்குகளாக மாட்டி, ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தவன் அண்ணன்தான். வௌவாலுக்குத்தான் கண்ணே தெரியாதே என்பது அவன் கட்சி. நன்றாகவே தெரியும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மீதிக் கூட்டம் எங்கே போனது என்று அவளும் தேடாத இடமில்லை. பாறை இடுக்கு, மரப்பொந்து, பாழடைந்த காவல் கொட்டகை என்று அலைந்து களைத்து, ஒருநாள் தண்ணீர் குடிக்க அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தாள். சரணாலயத்தின் ஓரத்திலேயே ஓட்டு வீடு. அண்ணி கையில் துடைப்பமும் முகத்தில் எரிச்சலுமாக நின்றிருந்தாள்.

"கூரையில எலிம்மா. உங்க அண்ணன் பொறி வச்சும் ஒண்ணு மாட்டல. தினம் இந்தப் புழுக்கையைக் கூட்டி அள்ளியே என் இடுப்பு ஒடியுது."

முறத்திலிருந்து ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினாள் தங்கை. பொலபொலவென்று உதிர்ந்தது. தூளுக்குள் பூச்சிச் சிறகின் துணுக்குகள் மினுமினுத்தன.

"அண்ணி, இது எலி இல்ல. நான் காடெல்லாம் தேடுற ஆளுங்க."

அன்று மாலை மூவரும் முற்றத்தில் நின்றார்கள். கூரை விளிம்பில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. அதிலிருந்து ஒன்று வழுக்கி விழுந்து சிறகு விரித்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு வரிசை நிற்கவேயில்லை. அவள் கட்டைவிரல் தட்டத் தட்ட, அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை.

"இத்தனையுமா என் தலைக்கு மேல தூங்குச்சு?"

"உன் குறட்டையைப் பொறுத்துக்கிட்டு!"

"நாளைக்கே ஆள் வச்சு விரட்டிடறேன் பாரு."

"எப்படிங்க விரட்டுவீங்க?" என்றாள் அண்ணி. "குட்டி போடற காலத்துல புகை போடாதே, வெளிச்சம் காட்டாதே, சத்தம் போடாதேன்னு வழி நெடுக போர்டு மாட்டினது யாரு? அடியில இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

அண்ணன் தலையைச் சொறிந்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அண்ணி வைத்ததுதான் சட்டம். டிவி முணுமுணுத்தது. போனில் கத்தியே பழகியவன் கேட்டுக்கு வெளியே போய்க் கத்திவிட்டு வந்தான். குகை விளக்குகளையும் கழற்றச் சொல்லிவிட்டான். கேட்டால் கரண்ட் பில் ஏறுகிறதாம்.

ஒருநாள் பிற்பகல் அவளுக்குப் போன் வந்தது. அண்ணன்தான்.

"பாத்ரூம்ல ஒரு குட்டி விழுந்து கிடக்கு. உயிர் இருக்கு. சீக்கிரம் வா!"

"நான் காட்டுக்கு அந்தக் கோடியில இருக்கேன். வெறுங்கையால தொடாதே, கனமான கையுறை போட்டுக்கோ. இருட்டுற வரைக்கும் துணி போட்ட டப்பாவுல வை. அப்புறம் ஒரு கம்புல சொரசொரப்பான துண்டைச் சுத்தி, அதுல தொத்த விட்டு, அந்த இடைவெளிக்குப் பக்கத்துல தூக்கிப் பிடி. அம்மாக்காரி குரல் கேட்டு வருவா."

"நானா?"

"பின்ன, போர்டா வந்து தூக்கும்?"

இருட்டும் வேளையில் அவள் விழுந்தடித்து ஓடிவந்தபோது முற்றத்தில் அண்ணன் ஸ்டூல் மேல் நின்றிருந்தான், கையில் தரை துடைக்கும் கம்பு. அதன் நுனியில் துண்டைப் பற்றியபடி கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கம்பு இம்மிகூட அசையவில்லை.

"நம்ம பையன் பொறந்தப்பகூட மனுஷன் இப்படி நின்னதில்ல," என்று அண்ணி அவள் காதில் கிசுகிசுத்தாள்.

ஒரு நிழல் இரண்டு முறை வட்டமடித்தது. மூன்றாவது முறை துண்டில் ஒட்டியது. குட்டி தாயின் வயிற்றை இறுகக் கட்டிக்கொள்ள, இரண்டும் பறந்து போயின. அண்ணன் ஸ்டூலிலிருந்து இறங்கவேயில்லை. கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்று துடைத்துக்கொண்டான். ஒரு பூச்சிக்கு இரண்டு கண்ணும் கலங்குமா என்று கேட்க வந்ததை, அன்றைக்கு மட்டும் தங்கை விழுங்கிக்கொண்டாள்.

குட்டிகள் பறக்கப் பழகியதும் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போனது. கடைசி ஒன்றும் போய்விட்டது என்று அவள் பார்த்துச் சொன்ன பிறகே கொத்தனார் வந்து இடைவெளியைப் பூசினார். அடுத்த வருஷம் இருண்ட குகையிலிருந்து பழையபடி புகைபோல் வௌவால்கள் கிளம்பின. அண்ணன் இன்னொரு மடக்கு நாற்காலியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் தூக்கிப் பிடிச்சேனே, அது இதுல எது?"

கருவியைத் தட்டுவதை நிறுத்தாமல் அவள் மோவாயை வானத்துப் பக்கம் ஆட்டினாள். "அதோ போகுது பாரு."

அண்ணன் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்.

"நல்லா வளர்ந்துட்டான்," என்றான்.