வேதாசலத்தின் சராசரி

மதராஸிலிருந்து கடிதம் வந்த அன்று தில்லைநாதன் மாஸ்டர் மத்தியானம் சாப்பிடவில்லை. கமலாசனி மூடி வைத்த சோற்றுக் கோப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் கதிரையில் சாய்ந்து கிடந்தார். அவர் சாப்பிடாவிட்டால் அவளும் சாப்பிடக்கூடாது என்று ஒருவரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் நடந்துவந்தது.

அவர் கிளிநொச்சிக்கு ஆங்கில வாத்தியாராக மாற்றலாகி வந்த வருஷம், வவுனியா ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த பரமலிங்கம் என்ற அப்போதிக்கரி காலமானார். இருபத்தெட்டாம் ஆண்டு தொடக்கம் நாற்பத்தோராம் ஆண்டு வரை அவர் தருவித்துச் சேர்த்த மதராஸ் ஆங்கிலப் பத்திரிகைகள் ஆறு பெட்டியில் கிடந்தன. கறையானுக்குப் போக இருந்ததை மாஸ்டர் கேட்டு வாங்கினார். வேதாசலம் என்ற மதராஸ் கிரிக்கெட் ஆட்டக்காரரைச் சின்ன வயதில் கொழும்பில் ஒரே ஒரு தரம் கண்டவர் அவர். அந்த இடதுகை வீச்சு கண்ணைவிட்டுப் போகவில்லை. வேதாசலம் ஆடிய அத்தனை ஆட்டத்தையும் தேடி எடுத்து ஒரு புத்தகம் போடுவதென்று தீர்மானித்தார்.

தீர்மானித்தது அவர். தேடி எடுத்தவள் கமலாசனி. எஸ்.எஸ்.சி. சோதனையில் கணிதத்துக்கு விசேட சித்தி பெற்று, அதோடு அடுப்படிக்கு வந்து சேர்ந்தவள். பகலில் உலை கொதிக்கிற நேரத்திலும் பத்திரிகைக் கட்டு அவள் மடியில் இருந்தது. ஐந்து வருஷத்தில் எண்பத்துநாலு இன்னிங்ஸைக் கண்டுபிடித்து அட்டவணை போட்டாள். கிரிக்கெட் மட்டை ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எந்த மைதானத்தில் வேதாசலத்தின் கை ஓடும், எந்தப் பந்துக்காரனிடம் தடுமாறும் என்பது அவளுக்குத் தன் வளவுப் பூவரசுகளைப் போலத் தெரியும். அந்த ஐந்து வருஷமும் தனக்குள் ஒரு அறை திறந்து கிடந்ததாகவே அவள் உணர்ந்தாள்.

புத்தகம் மதராஸில் அச்சாகி வந்தது. முன்னுரையில் அப்போதிக்கரிக்கு நன்றி, அச்சகத்துக்கு நன்றி, பெட்டிகளை ஏற்றி வந்த லொறிக்கார ஜவாஹிருக்கும் நன்றி. அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு, பகிடிபோலக் கேட்டாள்.

"என்ரை பேரைக் காணேல்லையே?"

"வலக்கைக்கு ஆராவது நன்றி சொல்லுவினமே?" என்று மாஸ்டர் சிரித்தார். பிறகு, "சரி, ரெண்டாம் பதிப்பு வரட்டும். போடுறன்" என்றார்.

அவர் அதைச் சொன்ன கையோடு மறந்திருப்பார். அவள் மறக்கவில்லை. புத்தகம் நன்றாக விற்று, மறுபதிப்புப் போடப்போவதாக அச்சகத்தார் எழுதியபோது அவளுக்கு நெஞ்சு படபடத்தது. நாற்பது வயதில் இதற்குப்போய் இப்படி அடிக்குதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் இந்தக் கடிதம். ஆட்டங்களுக்குப் புள்ளிக் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற மதராஸ்காரர் ஒருவர், தன்னிடமுள்ள மூலக் கொப்பிகளோடு புத்தகத்தை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். வேதாசலம் நொட் அவுட் என்று புத்தகம் சொல்லும் பத்தொன்பது இன்னிங்ஸில் அவர் மறுநாள் காலையில் ஆட்டமிழந்திருக்கிறார். ஆட்டமிழந்த தடவைகளால்தான் ஓட்டங்களைப் பிரிப்பது. ஆகவே, மறுநாள் எடுத்த சில்லறை ஓட்டங்களைக் கூட்டியும், சராசரி ஐம்பத்தெட்டு அல்ல, நாற்பத்தாறரை.

மதராஸில் கிரிக்கெட் ஆடுகிற மார்கழி, தை மாதங்கள்தான் வன்னியில் மாரி. வெள்ளம் பாதையை அறுத்தால் தபால் வராது. அப்போதிக்கரியின் பத்திரிகைக் கட்டுக்குள் முதல்நாள் ஆட்டம் இருக்கும், அடுத்தநாள் பத்திரிகை இராது. முதல்நாள் பொழுதுபடும்போது ஆடிக்கொண்டிருந்த மனிதரை ஆட்டமிழக்காதவர் என்று எழுதினால் அது பொய் என்று கமலாசனிக்கு அப்போதே தெரியும். பத்தொன்பது இடத்திலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

"இதென்ன, அட்டவணை முழுக்கக் கொக்கி?" என்று மாஸ்டர் அன்று சினந்தார். "பேப்பரிலை கிடக்கிறதை எழுதும். மிச்சத்தை நான் பாப்பன்."

"அடுத்தநாள் பேப்பர் இல்லையப்பா. அவர் பிறகு அவுட்டாகியிருந்தால்?"

"வேதாசலம் அவுட்டாகிறதை நீர் கண்டனீரோ?"

அவள் அழித்தாள். அழிறப்பரால், ஒவ்வொன்றாக.

கடிதம் வந்த அன்று பின்னேரம் பக்கத்து வளவுச் செல்வநாயகம் படலையைத் திறக்கும்போதே குரல் கொடுத்தார். "என்ன மாஸ்டர், முப்பது வருஷத்துக்குப் பிறகு மனுசனைப் பத்தொன்பது தரம் அவுட்டாக்கிப் போட்டாங்களாமே!"

"அட்டவணை போட்டது நானில்லை, செல்வநாயகம்" என்றார் மாஸ்டர். "பொம்பிளையளிட்டைக் குடுத்த வேலை. கிரிக்கெட் அவைக்கு என்னெண்டு விளங்கும்?"

குசினியில் கமலாசனி தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அந்த வேலையைத் தான் செய்ததாக அவர் வேறொரு மனிதரிடம் சொன்னது இதுதான் முதல்தரம் என்ற நினைப்பு மட்டும் வந்தது. அது நெஞ்சில் ஒரு கணம் இனித்ததும் அவளுக்குத் தன்னிலேயே அருவருப்பு உண்டாயிற்று.

மறுநாள் காலை மாஸ்டர் மறுபதிப்புக்கான திருத்தக் குறிப்பை எழுதி, "உம்மடை கையெழுத்திலை வடிவாய் எழுதித் தாரும். பத்து மணித் தபாலுக்குக் குடுக்கவேணும்" என்று நீட்டினார்.

'இப்பிழைகள் பிரதி எடுத்தவரின் கவனக்குறைவால் நேர்ந்தவை.'

குற்றத்துக்குக்கூடப் பெயர் இல்லை.

அவள் மேசையில் இருந்து எழுதத் தொடங்கினாள். அந்த வரி வந்தபோது பேனை நின்றது. நடந்ததை நடந்தபடி எழுதலாம். ஒரே வரி போதும். எழுதினால் அவர் கிழிப்பார், தன் கையாலேயே வேறு எழுதி அனுப்புவார். அதில் அவள் இருக்கவேமாட்டாள். அவர் கிழிக்காமல் விடுகிற ஒரே வரி எது என்று அவளுக்குத் தெரிந்தது.

'இப்பிழைகள், அட்டவணைகள் அனைத்தையும் தயாரித்த கமலாசனி தில்லைநாதனின் கவனக்குறைவால் நேர்ந்தவை.'

மாஸ்டர் வாசித்தார். முகம் தெளிந்தது.

"பேரையும் நீரே போட்டிட்டீர். பெரிய மனம் உமக்கு" என்றார். "நான் எண்டால் போட்டிருக்கமாட்டன்."

"ஓம்" என்றாள் அவள். "நீங்கள் போட்டிருக்கமாட்டியள்."

அவர் உறையை ஒட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அவள் குசினிக்குப் போய், அவருக்காகக் காத்திராமல், ஒரு கோப்பையில் சோற்றைப் போட்டுத் தின்னத் தொடங்கினாள்.