சகலை உட்கார்ந்த வின்ச்

தோளில் அறுவை சிகிச்சை முடிந்து, பல மாத விடுப்புக்குப் பின் அவர் எண்ணெய்க் கிணற்றுக்குத் திரும்பியபோது, கிணற்றுக்குள் கம்பியை இறக்கி ஏற்றும் அவருடைய வின்ச் வண்டியில் சகலை உட்கார்ந்திருந்தான். மனைவியின் தங்கை கணவன். "நம்ம வீட்டுப் பையன், கெட்டிக்காரன்" என்று சிபாரிசு பண்ணி வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான்.

"இப்போதைக்கு நீங்க பம்ப்பைப் பாருங்க. தோளுக்கு அதான் நல்லது" என்றார் சூப்பர்வைசர்.

"வாங்கண்ணே! தோள் தேவலையா?" என்று சகலை கேபினிலிருந்து கையசைத்தான். நீளக் காலுக்காக இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியிருந்தான். கண்ணாடியில் மகள் படத்தை வேறு ஒட்டியிருந்தான். அவருக்கு வயிறு எரிந்தது.

அன்றைய கிணற்றில், எண்ணெயோடு வரும் மெழுகு உறைந்து குழாயை அடைத்திருந்தது. கம்பியில் சுரண்டியைக் கட்டி இறக்கிச் சுரண்டி எடுக்க வேண்டும். பாதி ஆழத்தில் சுரண்டி சிக்கியது. கம்பி விறைத்தது. இழுவையைக் காட்டும் முள் சிவப்பு அபாயக் கோட்டை நெருங்கியது.

அறுந்து தொலையட்டும் என்றது அவர் மனசு. இன்னும் ஒரே இழுப்பு. கம்பி அறுந்து உள்ளே விழுந்தால் சகலையின் பெயர் நாறிவிடும். நினைத்ததும் அவருக்கே கூசியது. ஆனாலும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சகலை முரட்டுத்தனமாக இழுக்கவில்லை. கம்பியைத் தளர்த்தினான், மெல்ல இழுத்தான், மறுபடி தளர்த்தினான். "அண்ணே, சூடான எண்ணெய் கொஞ்சம் விடுங்க, மெழுகு உருகட்டும். மெதுவா!" என்று கத்தினான். அவர் பம்ப் வால்வைத் திருகினார். பழகிய கை, தன்பாட்டுக்கு ஒழுங்காகவே வேலை செய்தது. வெகுநேரம் கழித்து முள் சட்டென்று இறங்கியது. சுரண்டி, மெழுகு அப்பிக்கொண்டு மேலே வந்தது.

அந்த இடத்தில் நாமாக இருந்தால் பொறுமையில்லாமல் இழுத்திருப்போம் என்று அவருக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது.

வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் வந்தார். "நாளையிலிருந்து வின்ச்சை நீங்களே..."

"எடுத்துக்கறேன்" என்றார் இவர், சூப்பர்வைசர் முடிப்பதற்குள்.

சகலை மகள் படத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு இறங்கினான். முகத்தில் வருத்தமே இல்லை. நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தெம்பாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

"தங்கச்சி போன் பண்ணினா" என்றாள் மனைவி. "அவ வீட்டுக்காரருக்குப் புது வண்டி குடுக்கறாங்களாமே? கேபின்ல ஏசியாம். உங்க வின்ச்சை விடப் பெரிசாம். உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னான், சொன்னான்." தட்டிலிருந்து அவர் நிமிரவில்லை. "பெரிய வண்டின்னா ரிப்பேரும் பெரிசாத்தான் வரும்."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள் அவள்.