காவல் காக்கை

ராய்ஸை அந்த மரத்தில் ஏற்றிவிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம். ராய்ஸ் என் மனைவி டோரீனின் தம்பி. நாற்பத்தாறு வயது ஆகிறது, உயரம் என்றால் கை கால் உதறும். வீட்டுக் கூரையில் விழுந்த சருகைத் தள்ளக்கூடக் கூலிக்கு ஆள் வைப்பவன். அன்று காலை கிளம்பும்போது டோரீன் தூக்கக் கலக்கத்தோடு வந்து, கர்டிஸ், அவனை எதிலும் ஏற்றிவிடாதே என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

ஜனவரி மாதம், காக்கை சுடப் போயிருந்தோம். கான்சஸில் ஜனவரிக் காற்று சும்மா இருக்காது, சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தேடும். அறுத்த சோளக்காட்டின் ஓரமாக, காற்றைத் தடுக்க என் அப்பா காலத்தில் நட்ட பைன் மர வரிசை இருக்கிறது. அதை ஒட்டி முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஹோமர் நிலம். பிக்கப் வண்டியை அரை மைல் தள்ளிப் பள்ளத்தில் மறைத்து நிறுத்தினோம். எங்கள் வண்டியைப் பார்த்தாலே காக்கைகளுக்கு அடையாளம் தெரியும். போனையும் வண்டியிலேயே போட்டுவிட்டோம், நடுவில் மணியடித்துத் தொலைக்கும் என்று. இலைதழை அச்சடித்த சட்டை, முகத்துக்கு வலை. எதிரில் நின்றால் எங்கள் வீட்டு நாய்க்கே எங்களைத் தெரியாது.

நிஜக் காக்கைகளை ஏமாற்றி இறக்க, பொம்மைக் காக்கைகளை மரத்தில் கோலால் மாட்டுவதுதான் வழக்கம். இழுத்தால் நீளும் கோல், நுனியில் கொக்கி. அது பதினெட்டு அடிக்கு மேல் எட்டாது. ராய்ஸ் அதுவே போதும் என்றான். எனக்குப் போதாது. காக்கைக் கூட்டம் ஓரிடத்தில் இறங்குமுன் ஒன்று போய் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்து நாலா பக்கமும் பார்க்கும். அந்தக் காவல் காக்கை உச்சியில் இல்லையென்றால் மற்றதெல்லாம் வட்டமடித்துவிட்டுப் போய்விடும். போன வாரம் அப்படித்தான் முந்நூறு காக்கை தலைக்கு மேலேயே போனது, ஒன்றுகூட இறங்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"நாற்பது அடி மரம் மச்சான். என்னால ஆகாது" என்றான் ராய்ஸ்.

"அப்ப நீ கீழயே நில்லு மாப்ள. குளிருதுன்னா சொல்லு, உங்கக்கா கம்பளியைக் கொண்டாரச் சொல்றேன்."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. காவல் காக்கைப் பொம்மையை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு வரிசையிலேயே உயரமான மரத்தில் கால் வைத்தான். தடுத்திருக்க வேண்டும். நான் முப்பது தப்படி தள்ளி என் மரத்தில் ஏறி, என் பங்குக்குக் கிளைகளில் பொம்மைகளை மாட்டத் தொடங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலி ஓரம் சுடப் போகிறோம் என்றால் அந்தப் பக்கத்துக்காரருக்கு முந்தின நாள் ஒரு போன் பண்ணிவிட வேண்டும். எங்கள் ஊரில் யாரும் இதைத் தவறவிடுவதில்லை. வரும் வழியில் ராய்ஸ் கேட்டான், ஹோமரிடம் சொல்லியாச்சா என்று. சொல்லிட்டேன், சொல்லிட்டேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் அவர் மடக்கு நாற்காலியும் காபிக் குடுவையுமாக வந்து நடுவில் உட்கார்ந்து, தன் இடுப்பு ஆபரேஷன் கதையை மயக்க மருந்திலிருந்து ஆரம்பிப்பார். மூன்று மைலுக்குள் ஒரு காக்கை வராது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

விடியல் சாம்பல் நிறமாக இருந்தது. காக்கைகள் ஆற்றங்கரை மரங்களிலிருந்து கிளம்பும் நேரம். முதலில் வருபவற்றை எங்கள் பக்கம் திருப்பிவிட்டால் பின்னால் வரும் கூட்டமும் திரும்பும் என்ற அவசரத்தில், ஏறும்போதே பெட்டியைப் போட ராய்ஸிடம் சொல்லியிருந்தேன். காக்கைகள் ஆந்தையோடு சண்டை போடுகிற சத்தத்தைக் கத்தும் பெட்டி அது. இரண்டு மரங்களுக்கும் நடுவில் புதருக்குள் வைத்திருந்தோம். ரிமோட் ராய்ஸ் பையில். முழுச் சத்தத்தில் அது அலறியது. பக்கத்துக் கிளையில் இருந்து பேசினாலும் கேட்காது.

ராய்ஸ் உச்சிக்குப் போய்விட்டான். அவனை எனக்குத் தெரியவில்லை, பைன் இலை அடர்த்தி அப்படி. மரத்தின் நுனி ஆடுவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த நுனிக்கு மேலே கறுப்பாகக் காவல் காக்கை எழுந்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவது போல அசைந்தது. அவன் உடம்பு நடுங்குவதால் வந்த அசைவு அது. அடடா, உயிருள்ளது மாதிரியே இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

ஹோமர் வந்துகொண்டிருந்தார். எழுபத்துநான்கு வயது மனிதர், புது இடுப்பு, குனிந்து குனிந்து வேலி ஓரமாக ஒவ்வோர் அடியாக வைத்து வருகிறார். கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. எங்கள் பெட்டியின் சத்தம் அவர் வீட்டுச் சமையலறை வரை கேட்டிருக்கும். காக்கைக் கூட்டம் தன் வேலியோரத்தில் இறங்கிவிட்டது என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருப்பார். அவர் கண் ராய்ஸ் இருக்கும் மரத்தின் உச்சியில் இருந்தது.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். "ஹோமரண்ணே! சுடாதீங்க! ஆளு இருக்கு!" பெட்டியின் அலறலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மரத்தைப் பிடித்து உலுக்கினேன். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காற்றில் எல்லா மரமும்தான் ஆடுகிறது.

இறங்கி ஓடலாம் என்றால் இருபது அடி இறங்க வேண்டும், அதற்குள் அவர் சுட்டுவிடுவார். அவர் நின்றுவிட்டார். ஒரு காலை முன்னால் வைத்துத் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனார். அந்த உச்சிக் காக்கைக்கு ஒன்றரை அடி கீழே ராய்ஸ் தலை இருக்கிறது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்திருப்பான், எனக்குத் தெரியாதா? டோரீன் முகம் நினைவுக்கு வந்தது.

இன்னும் மாட்டாத பொம்மை ஒன்று என் கையில் மிச்சம் இருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். காக்கை சுடுகிறவன் உட்கார்ந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒன்று பறந்தால், துப்பாக்கி தானாக அந்தப் பக்கம் போகும். முப்பது வருடமாக என் தோளே அப்படித்தான் போகிறது. பொம்மையைக் கழுத்தோடு பிடித்து, பலம் கொண்ட மட்டும் அவர் தலைக்கு மேலே போகிற மாதிரி வீசினேன்.

அது கிளைகளை விட்டு வெளியே பாய்ந்தது. ஹோமர் இடுப்போடு திரும்பினார். எழுபத்துநான்கு வயதிலும் என்ன வேகம்! பொம்மைக்கு நேர் பின்னால் நான் இருந்தேன். துப்பாக்கிக் குழலின் வாய் வட்டமாகத் தெரிந்தது.

சுட்டார்.

கிளைகள் சடசடவென்று உதிர்ந்தன. இடது கையில் கொதிக்கும் எண்ணெய் தெறித்தது போல் இருந்தது. மரத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை, அது மட்டும் என் புத்திசாலித்தனம். கீழே பார்த்தால் அவர் மறுபடி ராய்ஸ் பக்கம் துப்பாக்கியைத் திருப்பிவிட்டார். இன்னொரு குழலில் தோட்டா இருக்கிறது. என் கையில் வீச வேறு ஒன்றும் இல்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் வீசிய காக்கை உறைந்த மண்ணில் விழுந்து, பிளாஸ்டிக் கிண்ணம் மாதிரி துள்ளி, உருண்டு போய் அவர் காலருகே நின்றது. அவர் கண் ஒரு நொடி அதன் மேல் போனது. மறுபடி உச்சிக்குப் போனது. வெடிச் சத்தம் கேட்டும் பறக்காத காக்கை. துப்பாக்கி மெதுவாக இறங்கியது. தொப்பியைக் கழற்றிவிட்டு மரத்தின் அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். ராய்ஸின் பூட்ஸ் தெரிந்திருக்க வேண்டும். அப்படியே வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

ராய்ஸ் எப்படியோ ரிமோட்டை அழுத்தினான். பெட்டி அடங்கியது. அந்த அமைதியில் ஹோமர் "ஐயோ, ஐயோ" என்று முனகுவது எனக்குக் கேட்டது.

நான் முதலில் இறங்கினேன். ராய்ஸ் இறங்க ரொம்ப நேரமானது. கையெல்லாம் பைன் பிசின், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என் சட்டைக் கையில் ரத்தத்தைப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே ஐந்தாறு ஈய ரவை பாய்ந்திருந்தது, தோலுக்கடியில்தான். ஒன்றுமில்லை என்றேன். அவன் கேட்கவில்லை, நேரே வேலிக்குப் போனான்.

"நேத்தே உங்ககிட்ட சொல்லியாச்சுல்ல? வர்றோம்னு மச்சான் போன் பண்ணாருல்ல? அப்புறமும் துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்தா என்ன அர்த்தம்?"

"எனக்கா?" என்றார் ஹோமர். "எனக்கா போன் பண்ணான்?"

என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் தரையைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார். உதடு அசைந்தது. நேற்றுச் சாயங்காலத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"சொல்லியிருப்பான். கர்டிஸ் சொல்லாம வர்ற ஆளில்ல. எனக்குத்தான் எதுவும் நெனப்புல நிக்க மாட்டேங்குது தம்பி. போன வாரம் அடுப்பை அணைக்காமப் படுத்துட்டேன். மககிட்டகூடச் சொல்லல, சொன்னா கூட்டிட்டுப் போயிருவா."

துப்பாக்கியை மடக்கி மிச்சமிருந்த தோட்டாவையும் காலிக் குப்பியையும் எடுத்தார். இரண்டையும் வேலிக்கம்பத்தின் தலையில் வைத்தார். துப்பாக்கியை அதன் கட்டைப்பிடி முன்னால் வரும்படி வேலிக்கு மேலே ராய்ஸிடம் நீட்டினார்.

"நீயே வெச்சுக்க. இனி இது எங்கிட்ட இருக்கப்படாது."

ராய்ஸ் வாங்கிக்கொண்டான். அவன் கோபம் போன இடம் தெரியவில்லை. கிழவர் அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு அந்த நேரம் நிம்மதியாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. யாருக்கும் தெரியப்போவதில்லை. டோரீனுக்கும் தெரியாது. ஊரே ஹோமருக்கு மறதி என்று பாவப்படும், அவர் மகள் வந்து வீட்டைப் பூட்டி அழைத்துப்போவாள், வேலிக்கு அந்தப் பக்கம் வேறு யாராவது உழுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"மாப்ள, அதை அவருகிட்டயே குடு" என்றேன்.

ராய்ஸ் புரியாமல் திரும்பினான்.

"நான் போன் பண்ணல. வேணும்னேதான் பண்ணல. அவருக்கு எதுவும் மறக்கல. உன்கிட்ட நான் சொன்னது பொய்."

ஹோமர் ஈரமான முகத்தோடு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"நெசமாவா? நெசமாவே நீ எனக்குப் பண்ணலியா?"

"பண்ணல."

முள்கம்பியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு, "கர்டிஸ், நெசமாத்தானே சொல்ற?" என்று இன்னொரு தடவை கேட்டார், நான் ஏதோ பெரிய உதவி செய்துவிட்டது போல. ஆமாம் என்றேன். ராய்ஸ் துப்பாக்கியை வேலிக்கு மேலே அவரிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு கம்பியை அகட்டிப் பிடித்து, அவர் பக்கம் தாண்டிப் போய், அவர் தோளைத் தாங்கி வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.