கறுக்காத கோப்பை

வாரம் முழுக்க ஊர்க்காரர்களுக்கு பாஸ்போர்ட் படம் எடுக்கிறவள் நான். "காது தெரியணும், நேரா பாருங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் கோணிப்போயிற்று. அதனால் சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்தியதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு உறைந்த கடலுக்கு நடந்துவிடுவேன். அங்கே யாரிடமும் சிரிக்காதே என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பின்லாந்துக்காரர்கள் குளிர்காலத்தில் தாங்களாகவே சிரிக்கமாட்டார்கள்.

ஐந்து குளிர்காலம் அப்படி நடந்தேன். கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நீலக் குல்லாய், வளைந்த முதுகு. தூரத்தில் நின்று அந்த முதுகைத்தான் எடுப்பேன். கிட்டே போனதே இல்லை. பனியில் மீன் பிடிக்கிறவரிடம் வலியப் போய்ப் பேச்சுக் கொடுப்பது, கதவைத் தட்டாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. எங்கள் பக்கம் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். போகும்போது அவர் திரும்பிக் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். சில நாள் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டுவார். சரி, குளிருக்குச் சூடாகக் குடிக்கிறார் என்று தலையாட்டிவிட்டு நடையைக் கட்டுவேன். எவ்வளவு பெரிய மக்கு நான்.

போன வருஷம் நூலகத்தில் வேலை பார்க்கும் என் சிநேகிதி சிர்க்கு என்னைப் பிடித்துக்கொண்டாள். "சொந்தப் படத்தையெல்லாம் பெட்டியில பூட்டி வச்சு யாருக்குடி காட்டப் போற? எங்க கூடத்துல மாட்டு."

மாட்டுவதற்காக ஒரு படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பெரியவர் சாமான் வைத்து இழுத்துவரும் சறுக்குவண்டியில் இரண்டு மரக் கோப்பைகள். ஒன்று தார் மாதிரிக் கறுப்பு, இன்னொன்று வெளேரென்று இருந்தது. மரக் கோப்பையை நாங்கள் சோப்புப் போட்டுக் கழுவமாட்டோம். காபி ஊறி ஊறித் தானே கறுத்துவிடும். வெளுப்பாக இருந்தால் புதுசு. ஓஹோ, பெரியவருக்குப் புதிதாக ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தப் படத்தை அவர் வந்து பார்க்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஆனால் இந்தக் குளிர்காலம் அவர் பனிக்கு வரவே இல்லை. பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஒரு அட்டை எழுதி ஒட்டினேன்: "நீலக் குல்லாய்க்காரருக்கு. உங்கள் முதுகு நூலகத்தில் தொங்குகிறது. வந்து பாருங்கள், காபி தருகிறேன்."

திறப்பு நாளன்று சிர்க்கு சுவரைச் சுற்றிவந்துவிட்டு, "ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம் எடுத்தவ நீ. உன் கண்காட்சியில ஒரு மூஞ்சிகூட இல்லையேடி" என்றாள்.

"மூஞ்சியைப் பார்த்து அலுத்துப்போச்சுடி" என்றேன்.

அப்போதுதான் ஒரு பெண் உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். நேராகப் பெரிய படத்தின் முன்னால் போய் நின்றாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"தூண்டில் கடையில அட்டையைப் பார்த்தேன். நீங்கதானே அந்தக் கேமராக்காரம்மா? நான் மாரிக்கா. அது எங்கப்பா, வெய்க்கோ. அக்டோபர்ல போயிட்டாரு."

நான் சுவரில் இருந்த நீலக் குல்லாயைத் திரும்பிப் பார்த்தேன்.

"அம்மா போனதிலேருந்து அப்பா வீட்டுல வாயே திறக்கமாட்டாரு. சனிக்கிழமை மட்டும் வந்து, 'இன்னைக்கும் அந்தம்மாவோட காபி குடிச்சேன்'னு சொல்வாரு. உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "இவ்வளவு நாள் பக்கத்துல இருந்திருக்கீங்க. முகம் தெரியற மாதிரி ஒரு படம் இருக்குமா? அடக்கத்துக்குக்கூட எங்ககிட்ட நல்லதா ஒண்ணு இல்ல."

நான் பதில் சொல்வதற்குள் கைப்பையிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்தாள்.

"இது உங்களுது. முதல் வருஷமே உங்களுக்குன்னு செதுக்கினாரு. அவர் கட்டி வச்ச துணியை நான் அவிழ்க்கவே இல்ல."

அவிழ்த்தாள். உள்ளே அந்தக் கோப்பை, செதுக்கின அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படியே வெளேரென்று. மாரிக்கா அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் கிட்டவே போனதில்லம்மா" என்றேன். "ஒரு வாய்கூடக் குடிச்சதில்ல. முகமும் என்கிட்ட இல்ல. எல்லாமே முதுகுதான்."

நூறு தப்படி நடந்து போய், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மாரிக்கா விருந்தாளிகளுக்காக வைத்திருந்த மேஜைக்குப் போய், அந்தக் கோப்பையில் காபி ஊற்றி எடுத்துவந்தாள்.

"குடிங்க, ஆறிடும்" என்றாள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். காபியில் பச்சை மர வாசம் அடித்தது. வெய்க்கோவின் முதுகைப் பார்த்தபடியே குடித்து முடித்தேன். கோப்பையைக் கழுவாமல் பையில் வைத்துக்கொண்டேன்.