சாட்சி சொல்ல வந்தவள்

“மாஷா அல்லா, தங்கமான புள்ள டாக்டரம்மா” என்று உம்மா ஆரம்பித்ததுமே காரியம் கெட்டது என்று பரீஹாவுக்குத் தெரிந்துவிட்டது.

உம்மா சபுரா கல்யாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கிற புது புர்காவில் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் கேட்கப் போகிறவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மராத்திக்கார டாக்டரம்மா. இவருக்குத் தமிழ் தெரியாது, உம்மாவுக்கு இந்தி பேச வராது. நடுவில் பரீஹா. நோயாளியும் அவள்தான், மொழிபெயர்ப்பாளரும் அவள்தான். இந்த ஏற்பாட்டில் வில்லங்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பரீஹா மாட்டுங்காவில் பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். தோற்ற பாடத்தைத் தலையில் சுமந்துகொண்டே அடுத்த வகுப்புக்குப் போவதை மும்பைப் பிள்ளைகள் கே.டி. என்பார்கள். அவள் தலையில் அப்படி நான்கு. இன்னும் மூன்று வாரத்தில் பரீட்சை. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் மூன்றாம் வருஷத்தில் உட்கார முடியாது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற வாப்பா காசிம், “இந்த வருசமும் போச்சுன்னா போதும்மா, பட்டறைக்கு வந்து ஜிப்பு தை” என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

அவள் படிக்காமல் இல்லை. நான்கு மணி நேரம் புத்தகத்தின் முன்னால் உட்காருவாள். எழுந்திருக்கும்போதும் அதே பதினேழாம் பக்கம்தான் திறந்திருக்கும். பரீட்சை ஹாலில் முதல் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதுவாள். மணி அடிக்கும்போது இரண்டாவது கேள்வி பாதியில் நிற்கும். ‘கொழுப்பு’ என்று சொந்தக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். சில நாள் அவளே அதை நம்பினாள்.

வீட்டுக்குத் தெரியாமல் தனியாகவே இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, வரிசையில் நின்று, கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டு எடுத்து, மனநலப் பிரிவின் கதவைத் தட்டியவள் அவள். அது லேசான காரியமில்லை. டாக்டரம்மா இரண்டு தடவை பொறுமையாகக் கேட்டார். “கவனக் குறைபாடாக இருக்கலாம். ஆனால் அது சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்னால் உன்னைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் வந்து சொல்லட்டும். இல்லையென்றால் பழைய ஸ்கூல் ரிப்போர்ட் கொண்டு வா. பரீட்சை நெருங்கும்போது கூடுதல் நேரத்துக்குக் கடிதம் கேட்டு இங்கே நிறையப் பேர் வருகிறார்கள். உன் வார்த்தையை மட்டும் வைத்து நான் எழுத முடியாது.”

ரிப்போர்ட் கார்டெல்லாம் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வருஷமே கூழாகிவிட்டது. மிச்சம் உம்மாதான். வாப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கூட்டி வந்திருந்தாள்.

டாக்டரம்மா அச்சடித்த கேள்வித்தாள் ஒன்றை எடுத்து முதல் கேள்வியை இந்தியில் கேட்டார். “இடத்தில் உட்கார வேண்டிய நேரத்தில் எழுந்து போய்விடுவாளா?” குடித்தனமும் சமையலும் தூக்கமும் ஒரே அறையில் நடக்கிற வீட்டில் எழுந்து எங்கே போவது என்று கேள்வியை எழுதிய புண்ணியவான் யோசிக்கவில்லை. பரீஹா தமிழில் சொன்னாள்.

“சேச்சே! வச்ச எடத்துல இருப்பா. சொன்ன பேச்சு தட்ட மாட்டா. அந்தத் தெருவுல இவள மாதிரி ஒரு புள்ளய நான் பாத்ததில்ல.”

பரீஹா உம்மாவையே பார்த்தாள். உம்மாவின் முகத்தில் மருந்துக்கும் கூச்சமில்லை.

“பஹுத் பார்” என்றாள் பரீஹா டாக்டரிடம். பல தடவை, என்று. வாய் தானாகவே சொல்லிவிட்டது. டாக்டரம்மா கட்டத்தில் டிக் போட்டார்.

அடுத்த கேள்வி, சாமான்களைத் தொலைப்பாளா என்று. “ஒரு பென்சில் தொலச்சிருப்பாளா? கிடையாது” என்றாள் உம்மா. பரீஹா, “தினமும்” என்றாள். அடுத்தது, பேசிக்கொண்டிருக்கும்போது காதில் வாங்காத மாதிரி இருப்பாளா? “நான் மனசுல நெனச்சா போதும், வந்து நிப்பா மாஷா அல்லா.” பரீஹா, “எப்போதும்” என்றாள். தான் சொல்வதுதான் உண்மை, உம்மா சொல்வது பொய். ஆனால் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறவள் உம்மா. உண்மையைச் சொல்லிக்கொண்டே திருடுவது போல் இருந்தது அவளுக்கு.

ஐந்தாவது கேள்வியில் டாக்டரம்மா பேனாவை மூடினார்.

“உன் அம்மா ஒரு நிமிஷம் பேசுகிறார். நீ ஒரு வார்த்தையில் முடிக்கிறாய். எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ‘மாஷா அல்லா’ புரியும். தொல்லை கொடுத்த பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.” குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “இதை இன்றைக்கு இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.”

காகிதத்தை ஃபைலுக்குள் வைக்கப் போனார். மூன்று வாரம், நான்கு பாடம், பட்டறையில் ஜிப் மெஷின், எல்லாம் அந்த ஒரு காகிதத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“ஏன் உம்மா இப்படிப் பொய் சொல்லுதிய?” என்று வெடித்தாள். “நான் தங்கமா? கேஸ் அடுப்ப திறந்து போட்டுட்டு நான் வெளிய போனதுக்கு நீங்க அடிக்கலயா? இங்க என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க? என் வாழ்க்கயே போவுது!”

உம்மா அவள் பக்கம் திரும்பினாள். “நீ மட்டும் என்ன சொன்ன? நான் சொன்னதயா சொன்ன? எனக்கு இந்தி பேசத்தாம்ட்டி வராது. இருபத்திரெண்டு வருசமா இந்த ஊர்ல காது கேக்குதுல்லா?”

பரீஹா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நல்ல புள்ளன்னு சொன்னா மனசு எரங்கி எழுதித் தருவாகன்னு நெனச்சேன்” என்றாள் உம்மா. மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தாள். “அது மட்டும் இல்ல. நீ உக்கார மாட்டேன்னு நான் சொன்னா, அப்ப பெத்தவ நீ என்ன செஞ்சேன்னு அவுக என்னையக் கேப்பாகள்ல? அதுக்குத்தான் பயந்தேன்.”

“என்ன செஞ்சீங்க?”

“நீ ரெண்டாங் கிளாசு. உன் தம்பி பைசான் கைப்புள்ள. வாப்பா பட்டறையிலருந்து பை மூட்ட வந்து கெடக்கும், பிசிறு நூலு வெட்டணும். நான் அந்தப் பக்கம் திரும்புனா நீ இந்தப் பக்கம் ரோட்டுல நிப்ப. ஒருநா டெம்போக்காரன் பிரேக்கு போட்டு, உன்னத் தூக்கிட்டு வந்து என் மடியில போட்டுட்டு என்னைய ஏசிட்டுப் போனான். அடிச்சுப் பாத்தேன். சூடு போடுவேன்னு மெரட்டிப் பாத்தேன். அப்புறம்...” உம்மாவின் குரல் இறங்கியது. “துப்பட்டாவ ரெண்டா கிழிச்சு உன் கால தண்ணி டிரம்மோட கட்டிப் போட்டேன். ஸ்கூல் விட்டு வந்ததும் கட்டுவேன். வாப்பா வார நேரத்துக்கு அவுத்துருவேன். ரெண்டு வருசம். அவருக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது.”

பரீஹாவுக்கு நீல டிரம் ஞாபகம் இருந்தது. அதன் ஓரமாக உட்கார்ந்து சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டியது ஞாபகம் இருந்தது. கட்டு மட்டும் எப்படியோ ஞாபகத்திலிருந்து போயிருந்தது. அவளுக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. உம்மாவின் கைகளைத்தான் பார்த்தாள். நூல் வெட்டி வெட்டிக் காய்த்துப் போன விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் டாக்டரம்மா.

கேட்டுக் கேட்டு அலைந்த சாட்சியம் கைக்கே வந்துவிட்டது. இதைச் சொன்னால் எந்த டாக்டரும் நம்புவார். சொன்னால் காகிதத்தில் ஏறும். இன்ன வயதில் இந்தத் தாய் இந்தப் பிள்ளையைக் கட்டிப் போட்டாள் என்று ஆஸ்பத்திரி ஃபைலில் எழுத்தாகக் கிடக்கும்.

“குச் நஹி” என்றாள். ஒன்றுமில்லை.

உம்மா சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்தாள். “ஏன் ஒண்ணுமில்லங்குத? சொல்லுட்டி.”

“எழுதிருவாங்க உம்மா.”

“எழுதட்டும். எழுதத்தானே வந்தோம்?”

பரீஹா டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். “இதுவரை நான் சொன்னது எதுவும் இவங்க சொன்னது இல்லை, மேடம். நான் பொய் சொன்னேன். இப்போ சொல்றது இவங்க சொன்னது” என்று இந்தியில் ஆரம்பித்தாள். டெம்போவைச் சொன்னாள். துப்பட்டாவைச் சொன்னாள். “ரெண்டு வருசம்” என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டாள். உம்மாவே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, “தோ சால்” என்று டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். பழைய டிக்குகளை அடித்துவிட்டு முதல் கேள்விக்கே திரும்பிப் போனார். இந்தத் தடவை உம்மா நிறுத்தி நிறுத்தி, யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். ஆமாம் என்ற இடத்தில் ஆமாம், இல்லை என்ற இடத்தில் இல்லை. பரீஹா ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தனக்கு எதிராகப் போகிற சில ‘இல்லை’களைச் சொல்லும்போது அவளுக்கு வலித்தது.

“இன்றைக்கே முடிவு சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டரம்மா கடைசியில். “ரத்தப் பரிசோதனை இருக்கிறது, இன்னொரு டெஸ்ட் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வா. எல்லாம் பொருந்தி வந்தால் சிகிச்சை ஆரம்பிப்போம், கல்லூரிக்கும் எழுதுகிறேன். இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.” பிறகு உம்மாவைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

வெளியே வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. உம்மா முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். படியிறங்கியதும் கேட்டாள்.

“நான் கட்டிப் போட்டத எழுதிட்டாகளா?”

“எழுதிட்டாங்க உம்மா.”

“அதுனால உனக்குப் பரீட்சையில நேரம் கூடக் குடுப்பாகளா?”

“குடுக்கலாம். செவ்வாய்க்கிழமதான் தெரியும்.”

உம்மா ஆஸ்பத்திரிக் கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப அது அந்தப் பேப்பர்லயே இருக்கட்டும்” என்றாள்.